ஏ.கே. குறியிட்ட பதினொரு டப்பாக்கள்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, ஆம்பூரில் பாலாற்றுப் பக்கம் இருக்கும் பழைய தோல் கிடங்கு ஒன்றின் பூட்டை அறுத்தார்கள். உள்ளே தோலைப் போட்டுச் சுழற்றும் மூன்று பெரிய மர உருளைகள், துருப்பிடித்த தராசு ஒன்று, உடைந்த நாற்காலிகள், கல்லாக இறுகிப்போன சுண்ணாம்பு மூட்டைகள் இருந்தன. படச்சுருள் டப்பா எதுவும் இல்லை.

கிடங்கின் சொந்தக்காரர் மக்பூல் அகமதுவுக்கு எண்பது வயது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் இன்னொரு முறை தேடச் சொன்னார். அவருடைய மகன் வக்கார் அகமது, ஷூவின் மேல்பாகம் தைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலையை நடத்துபவர், சட்டையெல்லாம் சுண்ணாம்போடு வெளியே வந்தார்.

"அப்பா, மூட்டைய கூட பொரட்டிப் பாத்தாச்சு. பெருச்சாளி தான் குடும்பத்தோட கீது."

"பரண்ல?"

"பரண் எங்க கீது? அது இடிஞ்சு விழுந்து இருபது வருசம் ஆவுது."

"அப்ப உருளைக்குள்ள பாரு."

வக்கார், பக்கத்தில் நின்ற நந்தினியைப் பார்த்தார். "மேடம், நீங்களே சொல்லுங்க. உருளைக்குள்ள யாராச்சும் சினிமாவ வெப்பாங்களா?"

"இந்தப் படத்த எடுத்தவர் வெச்சிருக்கார் சார்," என்றார் நந்தினி. "பிலிமக் கழுவுனதே அதுக்குள்ள தான்."

வக்கார் மறுபடி உள்ளே போனார்.

நந்தினி சென்னையில் ஒரு திரைப்பட ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறார். காணாமல் போன படங்களைத் தேடுவது அவர் வேலை. சொந்த ஊர் அதே மாவட்டத்து நாட்றம்பள்ளி என்பதால் இந்தக் கோப்பு அவர் மேசைக்கு வந்தது. கோப்பின் மேல் எழுதியிருந்த பெயர் ஹியூகோ செலிக்மன்.

செலிக்மன் 1897இல் ஜெர்மனியின் ஓஃபன்பாக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தோல் தொழிலால் பிழைத்த ஊர் அது. அப்பா தோல் இறக்குமதி வியாபாரி. மகனுக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வயதில் பெர்லினுக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் விளக்குத் தூக்கினார். 1924 முதல் 1932 வரை ஏழு படங்களை இயக்கினார். பெரிய வெற்றி என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைய விமர்சனங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு முகத்தின் முன்னால் கேமராவை வைத்துவிட்டு, அந்த ஆள் நடிப்பதை நிறுத்தும்வரை அவர் காத்திருப்பார். அதன் பிறகு முகத்தில் வருவதை மட்டும் படத்தில் வைத்துக்கொள்வார்.

1933 ஏப்ரலில் ஸ்டுடியோவிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. அப்போது எட்டாவது படம், சுருளை வெட்டி ஒட்டித் தொகுக்கும் மேசையில் இருந்தது. அது வேறொருவர் பெயரில் வெளியானது. வியன்னாவுக்குப் போய் இரண்டு படங்கள் செய்தார். இரண்டிலும் அவர் பெயர் இல்லை. 1938இல் வியன்னாவும் கைவிட்டது. பெர்லினில் எடுத்த ஏழு படங்களும் போரின்போது குண்டுவீச்சில் எரிந்தன. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பது நான்கு நிமிடத் துண்டு ஒன்று. ஒரு ரயில் நிலையத்தில் உட்கார்ந்து ஒரு பெண் ஆரஞ்சுப் பழம் உரிக்கிறாள்.

அவருக்கு இடம் கொடுத்தது ஆம்பூர். அவருடைய அப்பா பதினைந்து வருடம் ஆம்பூரிலிருந்துதான் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை வாங்கினார். அனுப்பியவர் அப்துல் கரீம். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவருக்குத் தெரிந்ததெல்லாம் கட்டுகளின் மேல் இருந்த முத்திரை: ஒரு சாய்சதுரம், அதற்குள் ஏ.கே. இன்னொருவருக்குத் தெரிந்ததெல்லாம் ஓஃபன்பாக் விலாசம். அப்பா இறந்த பிறகு மகன் வியன்னாவிலிருந்து உதவி கேட்டு எழுதிய கடிதத்தைப் பார்த்து, இவரை நான் பராமரிக்கிறேன் என்று அப்துல் கரீம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

1939 ஜனவரியில் செலிக்மன் சென்னையில் இறங்கினார். ஒரு புராணப் படத்தில் இயக்குநராகச் சேர்த்துக்கொண்டார்கள். பதினெட்டாம் நாள் நிறுத்திவிட்டார்கள். நடிகர்கள் வசனம் பேசி முடித்த பிறகும் 'கட்' சொல்லாமல் நிற்கிறார், பிலிம் வீணாகிறது என்பது புகார். செப்டம்பரில் போர் வந்தது. ஜெர்மனி அவரைத் தன் குடிமகன் இல்லை என்று சொல்லிவிட்டது. இங்கே அவரை ஜெர்மன்காரர் என்று சொல்லி முள்வேலி முகாமில் அடைத்தார்கள். எட்டு மாதம் கழித்து, அப்துல் கரீம் ஜாமீன் நின்ற பிறகு, மூன்று நிபந்தனைகளோடு விட்டார்கள். ஆம்பூரை விட்டுப் போகக் கூடாது. வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கேமரா வைத்திருக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையை அவர் 1944இல் மீறினார். சென்னையில் வெட்டும் மேசையில் பழக்கமான ஒருவர், கையால் சுற்றும் பழைய கேமராவையும் மிச்சம் மீதி பிலிமையும் தோல் கட்டுக்குள் வைத்து அனுப்பினார். அப்துல் கரீமின் தோல் பதனிடும் தொழிற்கூடத்திலேயே இரண்டு வருடம் படம் எடுத்தார். சுண்ணாம்புக் குழியில் நிற்கும் ஆட்கள், ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்கள், தோல் ஏற்றிக்கொண்டு போகும் ரயில். எடுத்ததை மர உருளையில் கழுவி, தோல் காயும் கொட்டகையில் கயிறு கட்டிக் காயவைத்தார். நெகட்டிவ் மட்டும்தான், கருப்பும் வெள்ளையும் மாறித் தெரிவது. அதைத் திரையில் பார்க்கிறமாதிரி படியெடுக்க லேப் வேண்டும். லேபுக்குப் போனால் போலீஸுக்குத் தெரிந்துவிடும். 1948இல் லண்டனுக்குப் போனபோது பதினொரு டப்பாக்களையும் அப்துல் கரீமிடம் விட்டுவிட்டுப் போனார். ஒரு லேபோடு பேசி முடித்ததும் சொல்லி அனுப்புவதாக ஏற்பாடு. மறு வருடம் ஜனவரியில், வாடகை அறையில், நிமோனியாவில் இறந்தார்.

லண்டனிலிருந்து அவர் தன் அக்காள் மகளுக்கு எழுதிய கடிதங்கள், அந்த அம்மாள் இறந்த பிறகு, 2022இல் பெர்லினில் ஒரு காப்பகத்துக்கு வந்தன. ஒரு கடிதம் பதினேழு பக்கம். ஆம்பூர்ப் படத்தைக் காட்சி காட்சியாக அதில் எழுதியிருந்தார். கிடைத்தால், அவர் பெயரில் முழுசாக இருக்கும் ஒரே படம் அதுவாக இருக்கும்.

பதினோராவது டப்பாவைப் பற்றி மட்டும் ஒன்றேகால் பக்கம் எழுதியிருந்தார். அப்துல் கரீமின் மனைவி நசீமுன்னிசாவுக்குக் காசநோய். வயது இருபத்து மூன்று. வெளி ஆட்கள் முன்னால் வராதவர். ஒரு நாள் மதியம், கதவுக்குப் பின்னால் நின்றபடி, கணவர் மூலமாகச் செலிக்மனிடம் கேட்டார். என் பையனுக்கு இரண்டு வயது, என் முகம் அவனுக்கு ஞாபகம் இருக்காது, உங்கள் பெட்டிக்குள் என்னை வையுங்கள், அவன் வளர்ந்த பிறகு காட்டுங்கள். வீட்டின் பின்கட்டு முற்றத்தில் எடுத்தார்கள். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அப்துல் கரீம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "அவள் முகத்திரையைத் தூக்கினாள்," என்று எழுதியிருந்தார் செலிக்மன். "பயம் போகும்வரை நான் கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு அவள் குழந்தையிடம் ஏதோ பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றேகால் நிமிடம். என் வாழ்க்கையில் நான் எடுத்ததில் நல்லது அதுதான்."

நசீமுன்னிசா 1946 ஆகஸ்டில் இறந்தார். அந்தப் பையன்தான் மக்பூல் அகமது.

அந்த வீட்டில் பெண்களைப் படம் பிடிக்கும் வழக்கம் இருக்கவில்லை. அம்மாவின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அப்பா 1958இல், மகனுக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது, கடையில் உட்கார்ந்த இடத்தில் மாரடைப்பில் போனார். டப்பாக்களைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஜெர்மன் சாப் என்று ஒருத்தர் தோட்டத்து அறையில் இருந்தார் என்பது மட்டும் மக்பூலுக்குத் தெரியும்.

ஜூன் மாதம் நந்தினி போனில் கடிதத்தைச் சொன்னபோது, மக்பூல் அகமது அந்த ஒன்றேகால் பக்கத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெயில்ல எடுத்ததா மா, நெழல்ல எடுத்ததா?"

"மதியம்னு போட்டிருக்கு சார். முற்றத்துல."

"அப்ப வெயில் தான்," என்றார். "மூஞ்சி நல்லா தெரியும்."

அன்று முதல், அப்பாவின் பொருள் மிஞ்சியிருந்தால் அங்கேதான் இருக்கும் என்று, கிடங்கைத் திறக்கச் சொல்லி மகனை அரித்துக்கொண்டிருந்தார். பங்காளி வழக்கில் இருந்த இடம்; சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு மாதம் அலைந்து, எதிர்த் தரப்பின் சம்மதத்தோடுதான் அன்று பூட்டை அறுத்தார்கள்.

வக்கார் மூன்று உருளைகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

நந்தினி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். செலிக்மனின் கையெழுத்து பழைய ஜெர்மன் எழுத்து. படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பெர்லினிலிருந்து மொழிபெயர்ப்பு தவணை தவணையாகத்தான் வந்தது. கடைசிப் பக்கம் முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்தது.

"இதுல ஒரு அடையாளம் சொல்லியிருக்கார் சார். வேற எங்கயாச்சும் மாத்தி வெச்சிருந்தா கண்டுபிடிக்க உதவும்." வாசித்தார். "'போலீஸ் சோதனையை நினைத்துப் பயப்படாதே. கரீம் கெட்டிக்காரர். பதினொரு டப்பாவின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் தன் முத்திரையைப் போட்டு, கிடங்கில் சரக்கோடு சரக்காக அடுக்கிவிட்டார். ஏ.கே. போட்ட பொருளை இந்த ஊரில் வேற்று ஆள் யாரும் தொடமாட்டார்கள்.'"

மக்பூல் அகமது மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வட்ட டப்பாவா?"

"ஆமா சார். தகரம்."

"சாப்பாட்டுத் தட்டு சைசுல?"

"ஆமா. ஏன் சார், பாத்திருக்கீங்களா?"

அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். துடைத்ததை மறுபடியும் துடைத்தார்.

"வக்கார், பெருமாள் உயிரோட கீறானா?"

"எந்தப் பெருமாள்?"

"மாதனூர் பெருமாள்டா. பஃப் செக்ஷன்ல இருந்தானே."

"அவர் பேத்தி நம்ம கம்பெனில தான் கீது. ஸ்டிச்சிங்ல. ஏன் அப்பா?"

"வண்டிய எடு."

மாதனூருக்குப் போகும் வழியில் மக்பூல் அகமது தானாகவே சொல்ல ஆரம்பித்தார். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். ஷூவின் முன்பக்கம், கால் விரல் இருக்கும் இடம், அமுங்காமல் குண்டாக நிற்க வேண்டும். அதற்காகத் தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில் விறைப்பான துணித் துண்டு ஒன்றை வைப்பார்கள். அதற்குப் பெயர் பஃப். இன்றைக்கு அது ரெடிமேடாக ரோலில் வருகிறது. அன்றைக்கு ஊரிலேயே செய்தார்கள். சென்னையிலிருந்து கழித்துப்போட்ட சினிமா பிலிம் லாரியில் வரும். காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்தால் படம் உரிந்து கண்ணாடி மாதிரி சுத்தமான பிலிம் நிற்கும். அதை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, அந்தக் கூழில் துணியை முக்கிக் காயவைத்தால் பஃப் துணி.

"இருவத்தஞ்சு வயசு எனக்கு. புதுசா ஆரம்பிச்சேன். ஊர்ல மூணு பேரு தான் செஞ்சோம்," என்றார். "பழைய பிலிம் தான் நல்லா கரையும். புதுசு கரையாது."

நந்தினிக்குப் புரிந்துவிட்டது. வக்காருக்கும் புரிந்துவிட்டது என்பது வண்டி ஓட்டிய விதத்தில் தெரிந்தது.

"அப்பா, அது மெட்ராஸ் பிலிம். இது கெடங்குல இருந்தது. வேற வேற."

"அதான் பெருமாளைக் கேக்கப் போறோம்."

பெருமாளுக்கு எழுபத்தாறு வயது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் வீடு. வாசலில் சாக்கை விரித்து மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"பாய்! இன்னா பாய், சொல்லாம கொள்ளாம! வாரிச வேற கூட்டினு வந்துக்கீங்க. ஏ கோவிந்தம்மா, ரெண்டு சேர் எடுத்துனு வா. இல்ல, மூணு."

"நல்லா கீறியா பெருமாள்?"

"எனுக்கு இன்னா. நீங்க தான் எளச்சிட்டீங்க. சக்கரையா?"

"சக்கர, பிபி, ரெண்டும் கீது. நீ அப்டியே கீற."

"நான் இன்னா பிரியாணி துன்னா வளந்தேன்? கேழ்வரகு பாய், கேழ்வரகு."

நாற்காலியோடு வந்த அவர் மனைவி கோவிந்தம்மாள், "ஆமா, கேழ்வரகு. ஞாயித்துக்கெழம பஜார்ல பிரியாணிக்கு மொத ஆளா நிக்கறது யாராம்?" என்றார்.

"பாய் எதிர்ல மானத்த வாங்காத. போய் மோர் கலக்கு."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெருமாள் நின்றுகொண்டே இருந்தார். மக்பூல் அகமது சொன்ன பிறகுதான் சாக்கின் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பஃப் செக்ஷன் ஞாபகம் கீதா?"

"மறக்குமா? இந்த நகத்தப் பாருங்க. சோடா துன்னது. இன்னிக்கு வரைக்கும் மொளைக்கல." இரண்டு விரல்களைக் காட்டினார். "பீடி பத்தவெச்சான்னு அந்த நாகராசன நீங்க அறைஞ்சது கூட ஞாபகம் கீது. பத்திக்கினு இருந்தா மொத்த பேரும் சாம்பல்."

"மெட்ராஸ் லாரில வந்தது இல்லாம, நம்ம கெடங்குலேந்து பிலிம் எடுத்தோமா?"

"எடுத்தோமே."

மூவரும் அவரையே பார்த்தார்கள். பெருமாள் உற்சாகமாகிவிட்டார்.

"அறுவத்தொம்போது. மழ, லாரி வர்ல. ஆர்டர் நிக்குது. நீங்க பேஜாராயிட்டு சுத்தறீங்க. அப்ப தான் கெடங்கு சாவிய கொடுத்து, போய் பார்றா எதுனா பழசு கீதான்னு அனுப்புனீங்க. நான் போய் பாக்கறேன், மூலைல அடுக்கி வெச்சிக்கீது. எல்லாத்து மேலயும் பெரிய பாய் மார்க். நான் தொடல. ஓடியாந்து உங்கள தான் கேட்டேன். பாய், பெரிய பாய் மார்க் போட்டுக்கீது, எடுக்கலாமான்னு. நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொன்னேன்?"

"'அப்பா மார்க் இருந்தா நம்ம சரக்கு தாண்டா. பழைய சரக்கு மொதல்ல போவணும், எடு'ன்னீங்க."

அது அப்துல் கரீமின் விதி. ஆம்பூரில் தோல் வைத்திருக்கும் எல்லோருடைய விதியும் அதுதான். முத்திரை இருந்தால் அது வீட்டுச் சரக்கு. முதலில் வந்த தோல் முதலில் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி விழும். அப்பா போன பிறகு அதைப் பிசகாமல் கடைப்பிடித்ததாக மக்பூல் அகமது பிள்ளைகளிடம் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"எத்தினி டப்பா?"

"பதினொண்ணு. சைக்கிள்ல ரெண்டு நடை. ஒன்னு ரோட்ல உருண்டு ஓடிச்சு, தொரத்திப் புடிச்சேன்." சிரித்தார். "அதுல ஒரு கூத்து நடந்துச்சே, ஞாபகம் இல்ல?"

"சொல்லு."

"கடசி டப்பா. சோடால போடறதுக்கு முன்ன நீங்க ஒரு முழம் இழுத்து வெயில்ல புடிச்சுப் பாத்தீங்க. எப்பவும் பாப்பீங்க, எந்த ஸ்டாரு வர்றாங்கன்னு. இதுல ஒரு பொம்பள. மூஞ்சி தார் மாதிரி கருப்பு, முடி எல்லாம் வெள்ள, கண்ணு வெள்ள. இடுப்புல ஒரு கொழந்த, அதுவும் அப்டியே. நீங்க என்னைக் கூப்ட்டு, 'டேய் பெருமாள், இங்க வந்து பாரு, பேய் புள்ள பெத்துக்கீது'ன்னீங்க. நாங்க எல்லாம் சிரிச்சு, வயிறு வலி கண்டுச்சு. அந்த சிரிப்ப—"

"பெருமாள் அண்ணே, போதும்," என்றார் வக்கார்.

"அவன் சொல்லட்டும்," என்றார் மக்பூல் அகமது.

கோவிந்தம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். மக்பூல் அகமது டம்ளரை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

"அதான் சொன்னனே பாய். கருப்பு."

"கருப்பா தெரிஞ்சா சிவப்புன்னு அர்த்தம். அது இல்ல. மூக்கு, வாய். நீளமா, வட்டமா?"

பெருமாள் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "இந்த நகம் அளவு தான் பாய் ஒரு ஒரு கட்டமும். அம்பத்தஞ்சு வருசம் ஆச்சு. மூக்கு ஞாபகம் இல்ல."

"வேற எதுனா?"

"கை. ஒவ்வொரு கட்டத்துலயும் கை கொஞ்சம் கொஞ்சமா மேல போச்சு. துணிய தூக்கறா மாதிரி. கொழந்த அவள பாக்கல, நேரா நம்மள பாத்துச்சு." நிறுத்தினார். "யாரு பாய் அது? ஸ்டாரா?"

"இல்ல," என்றார் மக்பூல் அகமது. "தெரிஞ்சவங்க."

மோரை முழுவதும் குடித்தார். டம்ளரைக் கோவிந்தம்மாளிடம் கொடுத்து, நன்றாக இருந்தது என்று சொன்னார். பெருமாளின் பேத்திக்கு எப்போது கல்யாணம் என்று விசாரித்தார். காருக்கு வரும்வரை நிதானமாகத்தான் நடந்தார்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு நந்தினி, "சார், உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா செய்வீங்களா?" என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மக்பூல் அகமது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனுக்குக் காட்டுறதுக்குன்னு எடுத்தாங்க. காட்டுனாங்க. நான் பாத்தேன். சிரிச்சேன்." சற்றுக் கழித்து, "இத எழுதிக்கோ மா. உங்க ஆபீஸ்ல கேப்பாங்க இல்ல, படம் இன்னாச்சுன்னு," என்றார்.

வீட்டுக்குப் போகாமல் தொழிற்சாலைக்கு ஓட்டச் சொன்னார். மதிய உணவு நேரம் முடிந்து பெண்கள் தையல் மெஷினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் காட்டுவதற்காக, கம்பெனி செய்த ஷூக்களின் மாதிரிகள் வருட வரிசையில் அதில் நின்றன. மேல் தட்டில் முதலாவதாக ஒரு கருப்பு ஷூ, ஒற்றைக் கால். அடியில் அட்டை: 1969.

"அத எடு."

"அப்பா, அது மொத சாம்பிள். வேற இல்ல."

"தெரியும். நான் தான் வெச்சேன். எடு. கத்தியும் எடுத்துனு வா."

வக்கார் தோல் சீவும் கத்தியைக் கொண்டுவந்தார். தானே வெட்டித் தருவதாகச் சொன்னார். மக்பூல் அகமது கொடுக்கவில்லை. ஷூவை மடியில் கவிழ்த்து, முன்பக்கத் தையலை ஓரமாகக் கீறி, தோலை மெதுவாகப் பின்னால் உரித்தார். ஐம்பது வருடத் தொழில். உள்ளே, அரை நிலா வடிவத்தில், பழுப்பு மஞ்சளாக ஒரு விறைத்த துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தார். ஓரம் கொஞ்சம் உடைந்து உதிர்ந்தது. கற்பூர வாசனை வந்தது.

ஜன்னலுக்குப் போய் அதை வெளிச்சத்தில் பிடித்தார். துணியின் இழைகள் தெரிந்தன. திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"இது அந்த டப்பாலேந்து வந்ததா, மெட்ராஸ் பிலிமான்னு சொல்ல முடியாது இல்ல அப்பா," என்றார் வக்கார்.

"அந்த மாசம் மெட்ராஸ் லாரி வர்லன்னு பெருமாள் சொன்னானே. சாம்பிள் அந்த மாசம் தான் போச்சு." நந்தினியிடம் நீட்டினார். "இதுல எதுனா எடுக்க முடியுமா மா? இப்ப தான் கம்ப்யூட்டர்ல இன்னான்னவோ பண்றாங்களே."

முடியாது என்று நந்தினிக்குத் தெரியும். படம் இருந்தது பிலிமின் மேல் பூசிய, ஜெலட்டினும் வெள்ளியும் கலந்த மெல்லிய ஏட்டில். அது காஸ்டிக் சோடாவில் கரைந்து, 1969இல் ஆம்பூரின் ஒரு சாக்கடை வழியாகப் பாலாற்றுக்குப் போயிருக்கும். மிச்சம் இருப்பது படத்தைத் தாங்கிய பிலிம் மட்டும். அதையும் கரைத்து, துணியில் ஏற்றியாகிவிட்டது.

"லேபுக்கு அனுப்பிப் பாக்கலாம் சார்," என்றார்.

காப்பகத்தின் படிவத்தை மேசையில் வைத்து நிரப்பினார்கள். படத்தின் பெயர் என்ற இடத்தில், பெயரிடப்படாதது என்று எழுதினார். இயக்குநர்: ஹியூகோ செலிக்மன். தோன்றுபவர்கள் என்ற இடத்தில் மக்பூல் அகமது பேனாவை வாங்கிக்கொண்டார். உருதுவில் நசீமுன்னிசா என்று எழுதினார். அதன் கீழே தன் பெயரை எழுதினார். தகவல் தந்தவர் என்ற இடத்திலும் அதே பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வறிக்கை ஆகஸ்ட் 28ஆம் தேதி வந்தது. ஒரு பக்கம். செல்லுலோஸ் நைட்ரேட், கற்பூரம், பருத்தித் துணி. ஜெலட்டின் இல்லை. வெள்ளி இல்லை. படிமம் எதுவும் இல்லை. நந்தினி காப்பகப் பட்டியலில் நிலை என்ற இடத்தில் 'அழிந்தது, ஆம்பூர், 1969' என்று பதிந்து, ஒரு நகலை பெர்லினுக்கு அனுப்பினார்.

மாதிரித் துண்டு திரும்ப வேண்டுமா என்று லேபில் கேட்டிருந்தார்கள். மக்பூல் அகமது வேண்டும் என்று எழுதினார். செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை, பதிவுத் தபாலில் வந்தது. வக்கார் கையெழுத்துப் போட்டு வாங்கி, அப்பாவிடம் கொடுத்தார்.